கிளெமென்ற் வரைந்த பின்வாசல்

கிளெமென்ற் என் பக்கத்து மேசையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவர். கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் குறுக்குத் தெரு ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் கட்டட வடிவமைப்பு அலுவலகம். அவர் அங்கே மூத்த படவரைஞர். வரைபடங்களோடு போகவேண்டிய கடிதங்களை எழுதுகிறவன் நான். இத்தனை வருடத்தில் அவரைப் பற்றி நான் அறிந்திருந்தது கொஞ்சம்தான். வீடு கொட்டாஞ்சேனை. மனைவி துஷ்யந்தி வீட்டிலிருந்து பள்ளிச் சீருடை தைக்கிறார். ஒரே மகள், படிக்கிறாள். இரண்டு கிழமைக்கு ஒரு முறை வியாழக்கிழமையில் அரைநாள் லீவு எடுப்பார். வெள்ளவத்தையில் ஒரு அலுவல் என்பார். என்ன அலுவல் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதைப் பண்பு என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது வெறும் சோம்பலாகவும் இருந்திருக்கலாம்.

இங்கே நான் எழுதுவதில் பெரும்பகுதி அவரே பிறகு எனக்குச் சொன்னது. தன்னை நல்லவராகக் காட்டுவதற்காக அவர் எதையும் சொல்லவில்லை.

சென்ற வருடம் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மைதானத்தைச் சிறுவர் பூங்காவாக மாற்றும் வேலை எங்களுக்கு வந்தது. நடக்கும் பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை, கண் தெரியாத பிள்ளை, சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளை, எல்லோரும் விளையாடக்கூடிய பூங்காவாக இருக்கவேண்டும். உதவி செய்த அறக்கட்டளை இதில் உறுதியாக இருந்தது. எங்கள் தலைவர் சந்திரகுமார் வெளிநாட்டு வழிகாட்டிகள் சிலவற்றை அச்செடுத்துக் கிளெமென்றின் மேசையில் வைத்தார். கிளெமென்ற் அவற்றைத் திறக்கவில்லை. ஒரு சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஐந்தடி வேண்டும் என்பதும், ஓரடி ஏற வேண்டுமானால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீள வேண்டும் என்பதும் எந்தப் படவரைஞருக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் கழுத்து நிற்காத பிள்ளைக்கு ஊஞ்சல் இருக்கையின் முதுகு எவ்வளவு உயரமாக இருக்கவேண்டும், எந்தக் கோணத்தில் சாய்ந்தால் பிள்ளை கீழே வழுகி வராது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சந்திரகுமார் வியந்தார். "அனுபவம்தானே" என்றார் கிளெமென்ற். முந்திய அலுவலகங்களையும் சேர்த்து இருபத்தெட்டு வருட அனுபவத்தைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

மைதானத்துக்கு முன்னால் பஸ் ஓடும் வீதி. பின்னால் குப்பை வண்டி வந்து நிற்கும் ஒடுங்கிய ஒழுங்கை. ஊஞ்சல்களையும் சறுக்கையும் கயிற்று ஏணியையும் அவர் வீதிப் பக்கம் வைத்தார். அவற்றுக்குப் பின்னால் நெஞ்சளவு உயரத்துக்குச் செவ்வரத்தைச் செடி வேலி ஒன்று. வேலிக்கு அப்பால் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான ஊஞ்சலும் மேசையும் மணல் தொட்டியும். அந்தப் பகுதிக்குத் தனியாக ஒரு வாசல், பின் ஒழுங்கையில். ஓட்டோ வாசலோடு ஒட்டி நிற்கலாம். படி இல்லை. யாரும் வெறித்துப் பார்க்காமல் பிள்ளையை இறக்கி உள்ளே கொண்டுபோகலாம். படத்தில் அதற்கு 'அமைதிப் பகுதி' என்று பெயர் எழுதியிருந்தார்.

எல்லோருக்கும் அது பிடித்தது. எனக்கும் பிடித்தது. படத்தோடு போன கடிதத்தில், பெற்றோரின் மனநிலையை நன்கு உணர்ந்து இப்பகுதி வடிவமைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரி என்னுடையது. இப்போது அதை மறுக்க முடியாது.

கிளெமென்றின் வீட்டுக்கும் இரண்டு வாசல்கள். முன்வாசல் கடைத் தெருவில், மூன்று படிகளோடு. பின்வாசல் ஒழுங்கையில், தரைமட்டத்தில். மகள் ஜெனோஷாவுக்குப் பதினான்கு வயது. பிறக்கும்போதே மூளைக்கு ஒட்சிசன் குறைந்துபோனதால் கால்களும் ஒரு கையும் இறுகிவிட்டன. பேச்சு வீட்டாருக்கு மட்டும் விளங்கும். அறிவில் ஒரு குறையும் இல்லை. வலது கையின் சுட்டுவிரலால் கைபேசியில் எழுதுவாள், என்னைவிட வேகமாக. அவளை எங்கே கொண்டுபோனாலும் ஓட்டோ பின் ஒழுங்கைக்குத்தான் வரும். முன்னால் மூன்று படி இருக்கிறதே என்பார் கிளெமென்ற். வங்கிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சாய்தளம் வரைந்த மனிதர், தன் வீட்டுப் படிக்கு இரண்டு பலகையைச் சேர்த்து ஆணி அடிக்கவில்லை. துஷ்யந்தி ஒரு முறை கேட்டபோது நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு செய்வோம் என்றாராம். எந்த வருட நத்தார் என்று துஷ்யந்தி திருப்பிக் கேட்கவில்லை.

ஜெனோஷாவுக்கு நான்கு வயதாக இருந்தபோது மாதா கோயில் திருவிழாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கிளெமென்ற் அப்போது பாடகர் குழுவில் இருந்தார். முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து பிள்ளையின் தலையில் கையை வைத்து, அப்பா அம்மா என்ன குறை செய்தீர்களோ என்று இரக்கத்தோடு கேட்டாராம். பாடகர் குழு முழுவதும் பக்கத்தில் நின்றது. அடுத்த கிழமையிலிருந்து பின்வாசல்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றது. ஆறாம் வகுப்பு மேல்மாடியில், தூக்கிக்கொண்டு போக ஆளில்லை என்று பள்ளி அதிபர் வருத்தம் தெரிவித்தார். கிளெமென்ற் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். அந்த நன்றியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது என்று என்னிடம் சொன்னார். அதன்பின் ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்து படிப்பிக்கிறார்.

அயலுக்கு எல்லாம் தெரியும். கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளையைப் பத்து வருடம் மறைத்து வைக்க முடியாது. அவர் மகளைப் பற்றிக் கதைக்கமாட்டார், அதனால் மற்றவர்களும் கதைப்பதில்லை. மறைத்தல் என்பது பெரும்பாலும் இருதரப்பும் சேர்ந்து செய்கிற வேலை.

வெள்ளவத்தை அலுவல் என்பது ஜெனோஷாவின் உடற்பயிற்சிச் சிகிச்சை. அவளை உள்ளே விட்டுவிட்டு அவர் வெளியே தெருவில் நிற்பார். அது முடிந்ததும் கடற்கரை வீதியில் அவளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். வெயிலில், எல்லோரும் பார்க்க. ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்பார், ரயில் போவதை நின்று காட்டுவார், பகிடி விட்டுச் சிரிக்கவைப்பார். அங்கே அவரைத் தெரிந்தவர் எவருமில்லை. ஊருக்குத் திரும்பும் ஓட்டோவில், வீட்டுக்குக் கிட்டிய ஆமர் வீதியைத் தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். மகள் இதைக் கவனித்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சந்திரகுமாருக்கு ஒரு வழக்கம் உண்டு. பொது இடம் ஒன்றை வடிவமைத்தால், படத்தை முடிப்பதற்கு முன் அதை அந்த இடத்தின் தரையிலேயே சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக் காட்டுவார். காகிதத்தைக் காட்டினால் சனங்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், நடந்து பார்த்தால்தான் உண்மையான கருத்து வரும் என்பார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் கோடு போட்டோம். ஊஞ்சலுக்கு ஒரு வட்டம், சறுக்குக்கு ஒரு நீள்சதுரம், செவ்வரத்தை வேலிக்கு இரட்டைக் கோடு. அயலிலிருந்து பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வந்தன. கிளெமென்ற் மட்டும் தன் வீட்டாரைக் கூட்டி வரவில்லை. வீடு அங்கிருந்து ஐந்து நிமிட நடைதான்.

வந்தவர்களில் பர்ஹா என்று ஒரு தாய் இருந்தார். அவருடைய மகன் ஸாலிஹ், ஏழு வயது. கால்கள் இயங்காது. கைகள் நல்ல பலம். பின் ஒழுங்கைப் பக்கத்தால் உள்ளே வரும்படி நாங்கள் சொல்லியிருந்ததால் பர்ஹா அவனை அந்த வழியால் கொண்டுவந்தார். அமைதிப் பகுதியை சந்திரகுமார் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே, ஸாலிஹ் சக்கர நாற்காலியின் சில்லுகளைத் தானே சுழற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். வேலிக்கான இரட்டைக் கோட்டின் மேல் ஏறி, அதைக் குழப்பி, மற்றப் பிள்ளைகள் நின்ற ஊஞ்சல் வட்டத்தை நோக்கிப் போனான்.

"தம்பி, உங்கட பக்கம் இஞ்சால" என்று கிளெமென்ற் கூப்பிட்டார்.

ஸாலிஹ் நின்று, திரும்பி, அவர் காட்டிய இடத்தைப் பார்த்தான்.

"அங்க ஒத்தருமில்லயே" என்றான்.

பெரியவர்கள் சிலர் சிரித்தார்கள். அவன் பகிடி விடவில்லை. மறுபடி சில்லைச் சுழற்றினான். வட்டத்துக்குக் கிட்ட நிலம் மணலாக இருந்ததால் முன்சில்லுகள் இரண்டும் புதைந்துவிட்டன. பர்ஹா ஓடிவருவதற்குள் கிளெமென்ற் அங்கே போய்விட்டார். நாற்காலியின் பின்புறம் கீழே நீண்டிருக்கும் குழாயில் காலை வைத்து அழுத்தி, கைப்பிடியைத் தன் பக்கம் சாய்த்து, முன்சில்லுகளை மண்ணிலிருந்து எழுப்பி, பின்சில்லுகளில் மட்டும் நாற்காலியை அரைச் சுற்றுச் சுற்றி வெளியே இழுத்தார். சாயும்போது பிள்ளை பயப்படாதிருக்க ஒரு கையை அவன் தோளில் வைத்திருந்தார். எல்லாம் ஒரு மூச்சுக்குள் நடந்தது.

"எங்க கிளெமென்ற் இதெல்லாம் பழகினது?" என்று சந்திரகுமார் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில ஆக்கள் செய்யிறதைக் கண்டிருக்கிறன்" என்றார் கிளெமென்ற்.

பர்ஹா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சனம் கலையும்போது மைதானத்து ஓரக் குழாயடியில் பர்ஹா நாற்காலிச் சில்லுகளில் ஒட்டிய சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். கிளெமென்ற் அளவு நாடாவைச் சுருட்டியபடி அந்தப் பக்கம் போனார். அங்கே நடந்த பேச்சை அவர் எனக்கு ஒரு சொல்லும் மாறாமல் சொன்னார் என்றே நினைக்கிறேன். இரண்டு முறை சொன்னார், இரண்டு முறையும் ஒரே மாதிரி.

"அண்ணன், வெள்ளவத்தையில வியாழக்கெழம உங்களக் கண்டீக்கேன்" என்றார் பர்ஹா. "நாங்களும் அங்கதான் வாற. அந்தப் புள்ள உங்கட மகதானே?"

"ஆளை மாறிப் பார்த்திருப்பீங்க" என்றார் கிளெமென்ற்.

பர்ஹா குழாயை மூடினார்.

"சரி. மாறித்தான் பாத்தீப்பேன். இத வரைஞ்சவருக்கு இப்டி ஒரு புள்ள இல்ல, தெரியாமத்தான் என்ட மகனுக்குப் பின்வாசல் வெச்சிட்டாருண்டு நெனச்சுக்கிறேன். அப்டீண்டா கோவமில்ல. தெரிஞ்ச மனிசன் வெச்சீந்தாத்தான் எனக்கு வெளங்காம ஈக்கும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. மகனைத் தள்ளிக்கொண்டு முன்வாசலால், பஸ் வீதியால் போனார்.

ஏச்சு வாங்கியிருந்தால் கிளெமென்றுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பர்ஹா கொடுத்தது மன்னிப்பு. ஆனால் அந்த மன்னிப்பு மகள் இல்லாத ஒரு மனிதருக்கு உரியது. அதை எடுத்துக்கொள்வதானால் ஜெனோஷா இல்லை என்று இன்னொரு முறை சொல்லவேண்டும். அன்று மதியம் வீட்டுக்குப் போனவருக்கு மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டாள். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் என்றார்.

அடுத்த கிழமை அவர் பின்வாசலை எடுத்துவிட முயன்றார், காரணத்தைச் சொல்லாமல். ஒழுங்கையில் வடிகான் இருக்கிறது, மழைக்கு நிரம்பும் என்றார். மூடி போட்டுவிடலாம் என்றார் சந்திரகுமார். குப்பை வண்டி நாறும் என்றார். வண்டி நிற்கும் இடத்தை மாற்றும்படி எழுதலாம் என்று சந்திரகுமார் என்னைப் பார்த்தார். நான் எழுதினேன். செவ்வரத்தையில் பூச்சி வரும் என்றார். வேறு செடி வைக்கலாம். அவர் கொண்டுவந்த ஒவ்வொரு சிக்கலையும் நாங்கள் உற்சாகத்தோடு தீர்த்துவைத்தோம். அந்த வாசல் அவ்வளவு உறுதியானது. அதற்கு எதிராக ஒரேயொரு வாதம்தான் இருந்தது, அதை அவர் வாய்திறந்து சொல்லவேண்டியிருந்தது.

முடிவெடுக்கும் கூட்டம் ஒரு வியாழக்கிழமையில், கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அன்று வெள்ளவத்தைக்கு மகளைத் துஷ்யந்தி கொண்டுபோனார். அறக்கட்டளையிலிருந்து சுபோதினி என்ற அலுவலர் வந்திருந்தார். நகரப் பூங்காக்களுக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவரும் இருந்தார். அவர் சிங்களத்தில் கதைக்க, சந்திரகுமார் தமிழுக்கும் சிங்களத்துக்கும் மாறி மாறிக் கதைத்தார். தாய்மார் எவரையும் அழைக்கவில்லை. அவர்களுடைய கருத்துகளின் சுருக்கம் என் கையில் இருந்தது. பர்ஹா கேட்டது அதில் இல்லை, ஏனென்றால் அவர் அதைக் குழாயடியில் கேட்டிருந்தார்.

சுபோதினி படத்தைப் பார்த்துவிட்டு, முழுத் திட்டத்திலும் தனக்குப் பிடித்தது அந்த வேலிதான் என்றார். தாய்மாருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்றார். என் கடிதத்து வரியை அப்படியே வாசித்தும் காட்டினார்.

கிளெமென்ற் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். கூட்டத்தில் எழுந்து நின்று கதைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

"அது தாய்மாருக்காக வைச்சதில்லை, மிஸ்" என்றார். "எனக்காக வைச்சது. என்ட மகளுக்குப் பதினாலு வயசு. வீல்செயாரிலதான். ஆக்கள் பார்ப்பினமெண்டு பின் ஒழுங்கையாலதான் அவவைக் கொண்டுபோறனான். அந்தப் பழக்கத்தில கை தன்ர பாட்டில இதைக் கீறிப்போட்டுது. அந்த வாசலை எடுங்கோ. வேலியையும் எடுங்கோ. எல்லாரும் முன்னாலயே வரட்டும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவரால் முடியவில்லை. மகளின் ஒரு கை விரியாது, பேச்சு விளங்காது, வாயில் நீர் வழிவதால் கழுத்தில் துணி கட்டியிருப்போம், சாப்பாடு நாங்கள்தான் வாயில் தீத்துவோம் என்று ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். யாரும் அவரிடம் அந்த விவரங்களைக் கேட்டிருக்கவில்லை. நாங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சந்திரகுமார் சுருக்கமாகச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி தலையை அசைத்து, சரி என்ற பொருளில் "ஹரி, ஹரி" என்றார். பின்வாசல் இல்லையென்றால் அந்த மூலையில் நிற்கும் ஜம்பு மரத்தை வெட்டத் தேவையில்லை, அப்படித்தானே என்று கேட்டார். தேவையில்லை என்றார் சந்திரகுமார். மரம் வெட்ட அனுமதி எடுப்பது பெரிய கரைச்சல், இது நல்லதாய்ப் போயிற்று என்றார் அதிகாரி. சுபோதினி எதையோ குறித்துக்கொண்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்து மலசலகூடத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்பதற்குப் போனார்கள்.

பத்து வருடமாக எதற்குப் பயந்தாரோ அது நடந்தபோது ஒருவரும் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும் என்று நாம் நினைக்கலாம். இல்லை என்றார் அவர். இவ்வளவுதானா என்ற கேள்விதான் முதலில் வந்ததாம். இவ்வளவுதான் என்றால் இத்தனை வருடம் அவளை எதற்காக ஒழுங்கையால் கொண்டுபோனேன் என்பது அடுத்ததாக.

திரும்பும்போது சந்திரகுமார் காரை ஓட்டினார். கிளெமென்ற் முன்னால், நான் பின்னால். கோட்டையைத் தாண்டியதும் சந்திரகுமார், "பதினெட்டு வருஷம், கிளெமென்ற்" என்றார். அவ்வளவுதான். கோபமா வருத்தமா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. நான் கேட்கத் தவறிய வியாழக்கிழமைகளைக் கணக்கிட முயன்று விட்டுவிட்டேன்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் மனைவியிடமும் மகளிடமும் நடந்ததைச் சொன்னார். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டார். துஷ்யந்தி தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஜெனோஷா அவருக்கு நேரே எதிரில் இருந்தாள். அவர் சொல்லி முடித்ததும் கைபேசியில் எழுதத் தொடங்கினாள். கோபம் வந்தால் அவள் வாயால் கதைப்பதில்லை. அவருடைய சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது.

'என்னைப் பற்றி என்னென்ன சொன்னீங்க?'

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கை, பேச்சு, சாப்பாடு, கழுத்துத் துணி.

'துணியைப் பற்றியும் சொன்னீங்களா?'

"ஓம், மகள்."

'அதை ஆராவது கேட்டவையா?'

"இல்லை."

அவள் நெடுநேரம் எழுதினாள். இடையில் அழித்தாள். துஷ்யந்தி மெஷினில் கிடந்த வெள்ளைத் துணியை மடித்து, மறுபடி விரித்து, மடித்தார். கடைசியில் வந்தது இரண்டே வரி.

'மறைக்கேக்கயும் என்னைக் கேக்கேல்ல. சொல்லேக்கயும் கேக்கேல்ல.'

எதிரே இருக்கும் பிள்ளைக்கு அவரும் கைபேசியில் ஏதோ எழுதப்போய் அழித்துவிட்டார். பர்ஹாவின் முன்னால் வந்த வெட்கம் செய்த பிழைக்கானது. இது வேறு. சரியென்று நினைத்துச் செய்ததிலும், மகளைக் கேளாத அதே பிழை இருந்தது. தலையில் கை வைத்த அந்தப் பெண்ணும் இரக்கத்தோடுதான் கேட்டார் என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்ததாம்.

இரண்டு நாள் அவள் அவரோடு கதைக்கவில்லை. சனிக்கிழமை காலை படத்தைக் காட்டும்படி கேட்டாள். அவர் பெரிய தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். வேலி போய், வாசல் போய், எல்லா ஊஞ்சல்களும் முன்னால் கலந்திருந்தன. அவள் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். அவர் விளக்கம் சொல்லத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு வாயாலேயே, மெதுவாக, சொல் சொல்லாகக் கேட்டாள்.

"இதில நான் எங்க இருக்கிறது?"

அவர் பெரிய ஊஞ்சலைக் காட்டினார். தனக்குப் பதினாலு வயது, ஊஞ்சலில் ஏறமாட்டேன் என்றாள். மரத்தடியில் இருந்து கைபேசி பார்ப்பேன், ஆரும் வந்தால் கதைப்பேன், வராவிட்டால் போற வாற ஆக்களைப் பார்ப்பேன் என்றாள். மரத்தடியில் உட்காருவதற்கான நான்கு நீள வாங்குகளை அவர் நெருக்கி வரிசையாக வைத்திருந்தார். அவற்றுக்கு நடுவில் ஒரு நாற்காலி நிற்க இடமில்லை. வரிசையின் கடைசியில் நிற்கலாமே என்றார். கடைசியில் நின்றால் ஒரு பக்கம்தான் ஆள் இருக்கும், நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் இருக்கும் என்றாள்.

இத்தனை அளவுகளையும் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர், ஒருவர் தள்ளிக்கொண்டு வரும் பிள்ளையை மட்டுமே நினைத்து வரைந்திருந்தார். சும்மா வந்து இருக்க விரும்பும் ஒருத்தி அவர் படத்தில் எங்கும் இல்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வரும் வழியில் அவர் பர்ஹாவின் வீட்டுக்குப் போனார். திருத்திய படத்தின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் இருக்கும். என்ன மாற்றம், எந்தத் திகதி, யார் கேட்டது என்று அதில் எழுதவேண்டும். வாசலை மாற்றியதற்கு எதிரே பர்ஹாவின் பெயரைப் போடலாமா என்று கேட்கப் போனார். அதற்கு முன் சொல்லவேண்டியதைச் சொன்னார்.

"நீங்க ஆளை மாறிப் பார்க்கேல்ல. அது என்ட மகள்தான். பேர் ஜெனோஷா."

"பேரு எனக்குத் தெரியும்" என்றார் பர்ஹா. "அங்க உள்ளுக்குக் காத்து நிக்கக்குள்ள ஸாலிஹ் அவட போன்லதான் கேம் பாக்கிற. நீங்க சொல்றீங்களாண்டுதான் கேட்டேன்." கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார், ஆனால் உள்ளே வரச் சொல்லவில்லை. "என்ட பேரப் போடுங்க."

அலுவலகத்துக்கு வந்து அந்தப் பெயரை எழுதினார். அடுத்த வரிசை வாங்குகளுக்கானது. 'மரத்தடி வாங்குகளுக்கு நடுவே மூன்றடி இடைவெளி' என்று எழுதி, திகதி போட்டார். யார் கேட்டது என்ற கட்டத்தில், வழக்கம்போல, தன் பெயரின் முதலெழுத்தைத் தட்டினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தார். பிறகு 'ஜெனோஷா' என்று முழுதாக எழுதினார். அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் அழித்தார்.

கைபேசியை எடுத்து மகளுக்கு எழுதினார். படத்தில் அவளுடைய பெயரைப் போடலாமா, போட்டால் அந்தப் படம் எங்கெங்கே போகும், யார் யார் பார்ப்பார்கள் என்று நீளமாக எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். சரி என்றோ பிழை என்றோ சொல்லும் தகுதி எனக்கிருக்கவில்லை.

பதில் வர அரைமணித்தியாலம் ஆயிற்று.

'யோசிச்சுச் சொல்றன்.'

பதினொரு மணிக்குச் சந்திரகுமார் அறையிலிருந்து வெளியே வந்து படம் தயாரா என்று கேட்டார். அச்சுக்கு அனுப்ப ஆள் கீழே நிற்கிறது என்றார்.

"ஒரு கட்டம் மிச்சமிருக்கு" என்றார் கிளெமென்ற். "ஒராளிட்ட அனுமதி கேட்டிருக்கிறன்."

சந்திரகுமார் திரையில் அந்த வெறுங்கட்டத்தைப் பார்த்தார். கீழே நின்ற ஆளிடம் நாளைக்கு வரும்படி சொல்ல என்னை அனுப்பினார்.